கடைசி வண்டி

திருக்கோணமலையைக் காண வருவோர் பெரும்பாலும் அதனை உயரத்திலிருந்தே கண்டு செல்கின்றனர். கோட்டை வாயிலுள் நுழைந்து, மரநிழலில் மேயும் புள்ளிமான்களைப் படம் பிடித்து, கோணேசர் ஆலயத்தைத் தரிசித்து, இராவணன் வெட்டின் விளிம்பில் நின்று கீழே கடலை எட்டிப் பார்த்ததும் அவர்களது பயணம் நிறைவுபெற்று விடுகின்றது. அவர்களைக் குறை கூறுவதற்கு எனக்கு உரிமை கிடையாது. நான் பிறந்ததும் வளர்ந்ததும் இம்மாவட்டத்திலேயே எனினும், அதனை ஒருமுறையேனும் முழுமையாகச் சுற்றிப் பார்த்தது இருபத்திரண்டாவது வயதில்தான். அதுவும் பத்து அங்குலச் சில்லுகள் பூட்டிய ஒரு பழைய ஸ்கூட்டரில், பதினொருவர் கொண்ட ஒரு குழுவுடன், மூன்று நாட்கள். 2025 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், பல்கலைக்கழக விடுமுறையின்போது இது நிகழ்ந்தது. அப்பயணத்தைப் பற்றிய சில நினைவுகளை இங்கு எழுத விழைகின்றேன்.

முதலில் எங்கள் குழுவைப் பற்றிக் கூறவேண்டும். அதற்குப் பெயர்ப்பலகையோ, யாப்போ, பொருளாளரோ இல்லை. திருமலை நகரிலும் சுற்றுப்புறங்களிலும் ஸ்கூட்டர் வைத்திருக்கும் சிலர், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஒன்றுசேர்ந்து ஊர் சுற்றுவர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் முன்னால் செல்வார்; அவரை எல்லோரும் ‘சேர்’ என்றே அழைப்போம். கிண்ணியாவைச் சேர்ந்த மின்னிணைப்பாளர் ஒருவர். அவர் எங்களுக்கு நானா. பாலர் பாடசாலை ரீச்சர் ஒருவர், மருத்துவத் தாதிகளான சகோதரிகள் இருவர், வங்கி ஊழியர் ஒருவர், கந்தளாயிலிருந்து வரும் சிங்கள மாணவன் ஒருவன், என் மாமாவின் மகள், இன்னும் இருவர், நான் - இவ்வளவுதான். ஒன்பது வண்டிகள், பதினொரு பேர். மூன்று மொழி பேசுவோர் இருந்தனர். ஆயினும் றயரில் காற்றுக் குறைந்தால் எல்லோரும் ஒரே மொழியில்தான் கத்தினர்.

ஸ்கூட்டர் என்றதும் பலர் சிரிப்பதுண்டு. சந்தைக்குச் செல்லவும் பிள்ளையைப் பள்ளியில் இறக்கவும் உதவும் வண்டியில் நெடும் பயணமா என்று கேட்பர். அவ்வண்டியின் பிறப்பை அறிந்தோர் அவ்வாறு கேட்கமாட்டார். இத்தாலியில் பியாஜியோ நிறுவனம் போர்க்காலத்தில் விமானங்கள் செய்துகொண்டிருந்தது. குண்டுவீச்சில் அதன் தொழிற்சாலை சிதைந்தது. போர் முடிந்ததும், தெருக்கள் பாழ்பட்டு மக்கள் கையில் பணமின்றி நின்ற வேளையில், மலிவான வண்டியொன்றைச் செய்ய அந்நிறுவனம் முனைந்தது. அதனை வரைந்தவர் கொராடினோ தஸ்கானியோ என்னும் விமானப் பொறியியலாளர். அவருக்கு மோட்டார் சைக்கிளைப் பிடிக்காது. காலை அகட்டி ஏறவேண்டும், சங்கிலியின் எண்ணெய் உடையில் படும், றயரை மாற்றுவது கடினம். எனவே உடை அழுக்காகாமல், யாரும் நாற்காலியில் அமர்வதுபோல் அமர்ந்து ஓட்டக்கூடிய ஒரு வண்டியை அவர் அமைத்தார். விமானச் சில்லைத் தாங்கும் தண்டைப்போல முன்சில்லை ஒருபக்கமாகத் தாங்கினார். 1946 இல் வெளிவந்த அவ்வண்டியே வெஸ்பா. இத்தாலிய மொழியில் குளவி என்பது பொருள். 1949 இல் அந்நாட்டின் வெஸ்பா கழகங்கள் ஒன்றிணைந்தன. ஆகவே கூட்டமாக ஸ்கூட்டரில் ஊர் சுற்றுதல் இன்று நேற்றுத் தோன்றிய பொழுதுபோக்கன்று. போரில் அடிபட்ட ஒரு சமுதாயம், மீண்டும் வீட்டைவிட்டு வெளியே வந்து பாதையைத் தனதாக்கிக்கொண்ட முறைகளுள் ஒன்று அது. இக்கருத்தின் முழுப்பொருள் எனக்குப் பயணத்தின் மூன்றாம் நாளில்தான் விளங்கியது.

நான் ஓட்டியது மாமாவின் வண்டி. 110 சீ.சீ. இயந்திரம், கியர் இல்லை, தாங்கியில் ஐந்து லீற்றருக்குச் சற்று அதிகமாகப் பெற்றோல் கொள்ளும். 2022 இல் நாடு பொருளாதாரத்தில் வீழ்ந்தபோது அது மூன்று மாதங்கள் முற்றத்து வேம்பின் கீழ் நின்றது. அவ்வாண்டு ஆடியில் அறிமுகமான எரிபொருள் அனுமதி முறையில் மோட்டார் சைக்கிள்களுக்கு வாரத்திற்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. மாமா அதனைப் போத்தலில் சேர்த்து, யாருக்கேனும் நோய் வந்தால் வைத்தியசாலைக்குப் போக வேண்டுமே என்று பூட்டி வைத்திருந்தார். 2020 முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால் பழைய ஸ்கூட்டரின் விலை புதியதன் விலையைத் தாண்டிற்று. பலர் விற்றனர், மாமா விற்கவில்லை. “பொம்பிளைப் பிள்ளையள் இருக்கிற வீடு. வண்டி இருந்தால்தான் அதுகள் ஒருத்தரையும் எதிர்பாராமல் வெளியில போய் வருங்கள்” என்றார்.

மாமா தந்த வண்டிக்கு அம்மாவின் அனுமதி வேண்டுமல்லவா? எங்கள் வீடு சம்பூரில். நான் பயணத்தைப் பற்றிச் சொன்னபோது அம்மா எங்கே படுப்பது, என்ன உண்பது, ஆண்கள் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்கவில்லை. “மூன்றாம் நாள் எவ்விடம்?” என்று மட்டும் கேட்டார். “வெருகல் வரைக்கும்” என்றேன். அம்மா நெடுநேரம் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார். பின்னர், “போயிட்டு வா. எல்லாரும் வந்தாங்களோ எண்டு பாத்துப் பாத்துப் போ” என்றார். அம்மா எவரை எங்கே வழியனுப்பினாலும் இதே சொற்களையே கூறுவார். ஆகையால் அப்போது நான் அதனைப் பெரிதாக எண்ணவில்லை.

முதல் நாட் காலை, நகரில் கடற்கரையோரம் சேர் எங்களை வட்டமாக நிறுத்தி விதிகளைக் கூறினார். ஒரே வரிசையில் ஒட்டிச் செல்லலாகாது; ஒருவர் இடமும் அடுத்தவர் வலமுமாகச் சற்று விலகிச் செல்லவேண்டும்; முன்வண்டி ஓரிடத்தைக் கடந்து இரண்டு விநாடியின் பின்னரே நாம் அவ்விடத்தை அடையவேண்டும். மாடு நின்றால் இடக்கை உயரும். குழி இருந்தால் கால் நீளும். யானை நின்றால் ஒலி எழுப்பாமல் நின்றுவிட வேண்டும். இறுதியாக, “வேகத்தை முடிவு செய்வது நானல்ல, நம்மில் மெதுவாக ஓட்டுபவர். கடைசி வண்டி நானாவுடையது. அவருக்குப் பின்னால் நம்மில் ஒருவரும் இருக்கக்கூடாது” என்றார். தமிழ் மாணவியாகிய எனக்கு ஆற்றுப்படை நூல்கள் நினைவுக்கு வந்தன. பத்துப்பாட்டில் பாதிக்குப் பாதி ஆற்றுப்படை. முன்னே சென்று வந்தவன் பின்னே செல்வோனுக்கு வழியில் உள்ள நிலத்தையும் நீரையும் இடரையும் உணவையும் எடுத்துரைப்பது அவ்விலக்கிய வகை. பரிசில் தரும் வள்ளல் மட்டுமே எங்கள் பயணத்தில் இல்லை, மற்றவையெல்லாம் இருந்தன.

அன்று வடக்கே சென்றோம். உப்புவெளியில் பொதுநலவாயப் போர் மயானத்தின் முன் சில நிமிடங்கள் நின்றோம். இரண்டாம் உலகப்போரில் இத்துறைமுகத்தைக் காக்க வந்து இறந்த, எங்கோ பிறந்த இளைஞர்களின் பெயர்கள் வெள்ளைக் கற்களில் வரிசையாக இருந்தன. அவர்களுட் பலர் என் வயதினர். நிலாவெளி கடந்து இறக்கக்கண்டிப் பாலத்தின் மேல் ஏறியபோது ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தன. குச்சவெளி, திரியாய், புல்மோட்டை என்று பெயர்கள் வந்துகொண்டேயிருந்தன. புல்மோட்டைக் கரையின் மணல் கறுத்திருந்தது. இல்மனைற்று முதலிய கனியங்கள் செறிந்த அம்மணலைக் கையில் அள்ளினால் கடல்மணலின் எடையை மிஞ்சிக் கனக்கின்றது. மாமாவின் மகள் ஒரு காந்தத்தைக் கொண்டு வந்திருந்தாள். அதில் கறுப்புத் துகள்கள் மீசைபோல் ஒட்டிக்கொண்டன. சேர் உடனே வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டார்.

திரும்பும் வழியில் நான் விழுந்தேன். குச்சவெளிக்கு அண்மையில் ஒரு வளைவில் காற்று வாரிக் கொட்டிய மணல் தார் மேல் படிந்திருந்தது. பெரிய சில்லுள்ள வண்டி அதனை ஏறிக் கடந்துவிடும். சிறிய சில்லோ மணலுள் புதைந்து திசை தவறும். அதனை அறியாத நான் அச்சத்தில் முன் பிறேக்கை இறுக்கினேன். வண்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் கிடந்தோம். முழங்கை உரிந்தது; ஒரு பக்கக் கண்ணாடி உடைந்தது; வேறொன்றுமில்லை. நான் எழுவதற்கு முன்னரே, எனக்கு மிகப் பின்னால் வந்துகொண்டிருந்ததாக நினைத்த நானா பக்கத்தில் நின்றார். எவ்வளவு தொலைவிலிருந்து என்னைக் கவனித்தபடி வந்தாரோ! தண்ணீர் தந்து, காயத்தைக் கழுவி, வண்டியை நிமிர்த்தி, “பிள்ளை, மணலில பிறேக் பிடிக்கப்படாது. கையை விட்டிட்டு நேராப் போகணும். மணல்தான் உங்களை நிப்பாட்டும்” என்றார். முன்னே சென்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தனர். ஏன் விழுந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. தாதியரில் இளையவர் என் கையைக் கட்டினார். மீண்டும் புறப்பட்டபோது முழுக் குழுவும் மணிக்கு முப்பது கிலோமீற்றர் வேகத்திலேயே சென்றது. அன்று மெதுவாக ஓட்டுபவள் நானல்லவா?

இரண்டாம் நாள் துறைமுகத்தைச் சுற்றிய மேற்குப் புறம். கன்னியாவில் அடுத்தடுத்து அமைந்த ஏழு கிணறுகளில் வாளியால் அள்ளி வார்த்துக் குளித்தோம். ஒவ்வொன்றிலும் வெப்பம் சற்றே வேறுபடுகின்றது. என் முழங்கைக் காயம் வெந்நீரில் எரிந்தது. தம்பலகாமத்து வயல்வெளிகளின் ஊடாகக் கந்தளாய் வரை சென்றோம். அணைக்கட்டில் நின்றபோது எங்கள் சிங்கள மாணவன், 1986 ஏப்ரலில் அக்குளம் உடைத்துக் கீழுள்ள ஊர்களை அடித்துச் சென்ற இரவைப் பற்றித் தன் பாட்டி கூறியதைக் கொச்சைத் தமிழில் எங்களுக்குக் கூறினான். ‘வெள்ளம்’ என்ற சொல் கிடைக்காமல் அவன் ‘கோவிச்ச தண்ணி’ என்றான். எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதனினும் பொருத்தமான சொல் எங்களிடமும் இல்லை.

மாலையில் சீனன்குடாவுக்கு வந்தோம். அங்கே காட்டினுள் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் இரும்புக் குன்றுகள்போல் நிற்கின்றன. இன்று எஞ்சியவை 99. 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின; தாங்கியொன்றும் எரிந்தழிந்தது. அப்போரின் பின் பிரித்தானியக் கடற்படை 1957 இல் இத்தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்றது. 2022 ஜனவரியில், இத்தாங்கிகளைப் பங்கிடும் ஒப்பந்தம் இந்திய நிறுவனத்துடன் கைச்சாத்தாயிற்று. அதே ஆண்டில்தான் இவ்வூரவர் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு இரவு முழுதும் வரிசையில் கிடந்தனர். “மலை மலையாத் தாங்கி; போத்திலுக்குள்ள எண்ணெய் இல்லை” என்று நானா அக்காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எங்களுடையது என்று பாடப்புத்தகத்தில் பெருமையுடன் படித்திருக்கிறேன். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் யாவரும் அதனை விரும்பியே வந்தனர். துறைமுகம் விரும்பப்பட்ட அளவுக்கு அதன் கரையில் வாழ்ந்தோர் விரும்பப்பட்டனரா என்று பாடப்புத்தகம் கேட்பதில்லை.

அன்றிரவு பெண்கள் அனைவரும் கிண்ணியாவில் நானாவின் வீட்டில் தங்கினோம். ஆண்கள் அவரது தம்பியின் வீட்டில். நானாவின் தாயார் எங்களுக்குப் புட்டும் மீன் ஆணமும் பரிமாறியபடி பழைய கதைகளைச் சொன்னார். எங்கள் பக்கத்தில் ஆற்றையும் களப்பையும் கடக்கும் மிதவைக்குப் ‘பாதை’ என்று பெயர். வெளியூரார்க்கு இது விந்தையாக இருக்கும். தரை முடிந்த இடத்திலும் எங்களவர்க்குப் பாதை முடிவதில்லை என்று பொருள்கொள்ளலாம் போலும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, நகருக்குச் செல்வோர் பாதைக்காகக் கரையில் காத்திருப்பர். இரவில் நோயாளியைக் கொண்டுசெல்வோர் படும் துயரத்தைச் சொல்லி முடியாது. பாலம் வந்த பின்னரும் பாதைகளின் காலம் முற்றாக முடியவில்லை. 2021 நவெம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்துகொண்டிருந்த இடத்தருகே பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். அதைச் சொன்னபோது அம்மூதாட்டி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார். “பாலத்தால போகக்குள்ள சும்மா போகாதீங்க மகள். ஒரு துஆ ஓதிட்டுப் போங்க” என்றார்.

மூன்றாம் நாட் காலை சேர் என்னை அழைத்து, “இன்றைக்குக் கடைசி வண்டி உம்முடையது” என்றார். நான் திகைத்தேன். விழுந்தவளிடமா இப்பொறுப்பு? “விழுந்தவருக்குத்தான் தெரியும், பின்னால் ஒருவர் வருவது எவ்வளவு ஆறுதலென்று” என்று கூறி, றயர் ஒட்டும் பையையும் காற்றடிக்கும் பம்பையும் என் இருக்கையின் கீழ் வைத்துவிட்டுப் போனார்.

பாலத்தில் ஏறியதும் கச்சான் காற்று பக்கவாட்டில் வந்து அறைந்தது. ஆடி மாதக் கச்சான் கிழக்குக் கரையார் அறிந்ததே. உலர்ந்து, சுட்டு, மணலோடு வீசும். பாரமற்ற ஸ்கூட்டரை அது இழுத்துச் செல்ல முயலும். எட்டு வண்டிகளும் காற்றுக்கு எதிராக ஒரே பக்கம் சாய்ந்து செல்வதைப் பின்னிருந்து கண்டேன். முன்னால் செல்வோருக்கு நிலக்காட்சி தெரியும். கடைசியில் செல்பவருக்கோ தன் கூட்டம் தெரியும். உப்பாறு, இறால்குழி, மகாவலி கடலை நாடிச் செல்லும் கங்கை என்று பாலங்களைக் கடந்து மூதூரை அடைந்தோம். 1660 இல் இக்கொட்டியாரக் குடாவில் கரையிறங்கிய ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞனைக் கண்டி அரசனின் ஆட்கள் சிறைப்பிடித்தனர். ஏறத்தாழ இருபதாண்டுகள் மலைநாட்டில் கழித்த பின்னரே அவன் தப்பிச் சென்று தன் நூலை எழுதினான். நிழல் தேடிக் கரையேறியவன் திரும்பிச் செல்ல இருபதாண்டுகள்! எங்கள் ஊராருக்கு அக்கணக்கு அத்துணை வியப்பானதன்று.

ஏனெனில் எங்களுக்கும் பத்தாண்டுகள் ஆயின. 2006 சித்திரையில் மூதூர் கிழக்கில் குண்டுகள் விழத் தொடங்கின; ஆவணியில் பெரும் போர் மூண்டது. அப்போது எனக்கு மூன்று வயது. சம்பூரார் கால்நடையாகவும் உழவு இயந்திரப் பெட்டிகளிலும் தெற்கே வெருகலை நோக்கிச் சென்றனர். ஆற்றைக் கடந்து வாகரைப் பக்கம், பின்னர் மட்டக்களப்பு முகாம்கள். அங்கிருந்து கிளிவெட்டி முகாமுக்கு வந்தோம். நான் எழுத்தறிந்தது அம்முகாமின் தகரக் கொட்டகையில். 2015 ஆவணியில் தொடங்கிய மீள்குடியேற்றத்தில், அடுத்த ஆண்டு எங்கள் காணி எங்களுக்குக் கிடைத்தது. இவையெல்லாம் எனக்குத் தெரிந்தவையே. எனக்கு நினைவில்லாதது அந்த நடை மட்டுமே. அம்மா அதைப் பற்றிப் பேசுவதில்லை. வெருகல் பக்கம் பஸ்ஸில் செல்ல நேர்ந்தால் அம்மா யன்னலோரம் அமரமாட்டார். தலையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வார்.

கிளிவெட்டியைக் கடந்து சில கிலோமீற்றர் சென்றதும் சிங்கள மாணவனின் வண்டி தள்ளாடி நின்றது, பின்றயரில் ஆணி. மற்றவர்கள் வளைவில் மறைந்துவிட்டனர். நான் தொலைபேசியில் சேருக்கு அறிவித்துவிட்டு வண்டியை ஓரத்தில் நிறுத்தினேன். ரியூப் இல்லாத றயர் ஆகையால் வேலை கடினமன்று. ஆணியைப் பிடுங்கி, துளையை அரத்தால் உரசி, பசை பூசிய இறப்பர்த் திரியை ஊசியால் உட்செலுத்தி, மிஞ்சியதை வெட்டிவிட்டுக் காற்றடித்தால் போதும். அவன் அதனைச் செய்துகொண்டிருக்க நான் தெருவைப் பார்த்து நின்றேன். அப்போது மேற்குப் பற்றைக்காட்டிலிருந்து ஒரு மாட்டுப் பட்டி தெருவைக் கடக்கத் தொடங்கிற்று. நாற்பது ஐம்பது மாடுகள் இருக்கும். பட்டியைச் சாய்த்து வந்த முதியவர் தெரு நடுவே நின்று, இரு புறமும் வாகனங்களைக் கையால் நிறுத்தினார். எல்லாம் கடந்தும் அவர் நகரவில்லை. சற்றுப் பொறுத்து, முன்காலை நொண்டியபடி ஒரு கன்று பற்றைக்குள்ளிருந்து வந்தது. அது கடந்த பின்னரே அவர் கையைத் தாழ்த்தினார்.

என் அம்மப்பாவுக்கும் சம்பூரில் பட்டி இருந்தது. நாங்கள் புறப்பட்ட அன்று அவர், “நீங்கள் முன்னுக்குப் போங்கோ. மாடுகளை அவிட்டு விட்டிட்டுப் பின்னால வாறன்” என்றாராம். கட்டிக் கிடந்தால் அவை தண்ணீரின்றிச் சாகும் என்பது அவரது கவலை. அவர் பின்னால் வரவில்லை. இன்றுவரை அவரைப் பற்றி எச்செய்தியும் இல்லை. அம்மா வெருகல் வரைக்கும் என்னை இடுப்பில் சுமந்துகொண்டு, நூறு அடிக்கொருமுறை திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தாராம். இதனைப் பெரியம்மா ஒருமுறை கூறக் கேட்டிருக்கிறேன். கேட்ட கதை அத்தெருவோரத்தில்தான் எனக்குக் காட்சியாகியது. இக்குழுவில் வேகத்தை முடிவு செய்பவர் மெதுவாகச் செல்பவர். விழுந்தவருக்காக மற்ற எட்டு வண்டிகளும் திரும்பி வரும். ஒரு ஆணிக்காக ஏழு வண்டிகள் வெருகலில் காத்து நிற்கின்றன. காத்து நிற்பதற்கு எங்களுக்கு நேரம் இருந்தது. நின்றால் யாரும் எங்களைக் கொல்லப் போவதில்லை. அம்மாவுக்கு அந்த நேரம் இருக்கவில்லை. தந்தைக்காக நின்றிருந்தால் இடுப்பிலிருந்த நான் இருந்திருக்கமாட்டேன். ‘எல்லாரும் வந்தாங்களோ எண்டு பாத்துப் பாத்துப் போ’ என்ற சொற்களின் பொருள், பல்லாண்டுகள் அதனைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்த ஆணி குத்திய றயரின் அருகில்தான் விளங்கிற்று.

“அக்கா, ஏன் அழுறது?” என்று கேட்டான் மாணவன். கச்சான் மணல் என்றேன். அவன் நம்பவில்லை, ஆயினும் மேலே கேட்காமல், தன் போத்தல் தண்ணீரை என்னிடம் தந்துவிட்டுக் காற்றடிக்கத் தொடங்கினான்.

வெருகலில் ஆற்றுப் பாலத்தருகே மருத நிழலில் எல்லோரும் எங்களுக்காகக் காத்திருந்தனர். ரீச்சர் வாங்கி வைத்திருந்த வடையில் எங்களுக்குரிய பங்கு கடதாசியில் சுற்றப்பட்டு இருந்தது. சித்திர வேலாயுத சுவாமி கோயிலில் வணங்கிவிட்டு ஆற்றைப் பார்த்தேன். ஆடியில் அதில் நீர் குறைவு. சிறுவர்கள் இடுப்பளவில் நின்று குளித்துக்கொண்டிருந்தனர். இவ்வளவுதானா என்று தோன்றிற்று. அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். வழக்கம்போல், “எல்லாரும் வந்திட்டாங்களோ?” என்றார். “வந்திட்டினம் அம்மா. நான்தான் கடைசி வண்டி. எனக்குப் பின்னால ஒருத்தரும் இல்லை” என்றேன். மறுமுனையில் நெடுநேரம் ஒலியில்லை. பின்னர், “சரி பிள்ளை, கவனமா வா” என்று மட்டும் கூறினார்.

அன்று மாலை குழுவினர் நகருக்குத் திரும்ப, நான் சேரின் அனுமதியுடன் மூதூரில் பிரிந்து சம்பூருக்குச் சென்றேன். மறுநாள் விடியற்காலை அம்மா முற்றத்தில் ஸ்கூட்டரைச் சுற்றி வந்து, உடைந்த கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். “இதில ரெண்டு பேர் போகலாமோ?” என்று கேட்டார். “போகலாம்.” “அந்த ஆத்தடி மட்டும்?” என்றார்.

அம்மாவுக்குத் தலைக்கவசம் பூட்டிவிடச் சற்று நேரமாயிற்று. பின்னிருக்கையில் ஒருபக்கமாக அமர்ந்து, ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கிளிவெட்டி வரை ஒன்றும் பேசவில்லை. அதன் பின்னர் ஒவ்வோரிடமாகக் காட்டத் தொடங்கினார்: இங்கே தண்ணீர் குடித்தோம், இந்த மரத்தடியில் நீ அழுதாய், இங்கே உழவு இயந்திரம் பழுதடைந்தது. பத்தொன்பது ஆண்டுகளாகப் பேசப்படாத ஒரு வழி, மணிக்கு முப்பது கிலோமீற்றர் வேகத்தில், என் காதருகே சொல்லாக வந்துகொண்டிருந்தது. முன்னே சென்று வந்தவர் பின்னே வருபவருக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை என்று நான் வகுப்பில் எழுதியிருக்கிறேன். அதற்கு மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன். அம்மா இடையிடையே திரும்பிப் பின்னால் பார்ப்பது, தோளிலிருந்த கை அசைவதால் எனக்குத் தெரிந்தது. நான் வேகத்தைக் கூட்டவில்லை. அவர் பார்த்து முடிக்கும்வரை மெதுவாகவே ஓட்டினேன்.